பினாங்குத் துறைமுகத்தில் ஒரு பித்தளைச் செம்பு

புதுக்கோட்டை ஸ்ரீ வித்யா விலாஸ் காலேஜில் படிக்கிறவன் கடலைப் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் கப்பலில் போகாமல் பாஸ் பண்ண முடியாது.

இண்டர்மீடியட் இங்கிலீஷ் வகுப்பில் புரொபசர் ரெங்கராஜ் வருஷா வருஷம் சொல்லச் சொல்லப் பையன்கள் எழுதிக்கொள்ளும் கட்டுரை ஒன்றே ஒன்றுதான். அதன் தலைப்பு 'ஒரு கடற்பயணம்'. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். கரையில் நிற்பவர்களைப் பார்த்துக் கைக்குட்டையை அசைக்க வேண்டும். மூன்றாம் நாள் தேகத்துக்குச் சற்று அசௌகரியம் ஏற்பட வேண்டும். அதற்கு மறுநாள் கடல்பன்றிகள் துள்ளுவதைக் கண்டு ஆண்டவனின் படைப்பை வியக்க வேண்டும். பினாங்கில் இறங்கும்போது சூரியன் மறைய வேண்டும். வாழ்க்கையும் ஒரு கடற்பயணமே என்று முடிக்க வேண்டும். கப்பல் எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும் அஸ்தமனம் கட்டாயம். அதற்கு மட்டும் ஐந்து மார்க்.

புரொபசர் திருச்சிராப்பள்ளிக்கு அப்பால் போனவர் அல்ல. இந்தக் கட்டுரையை அவருக்கு அவருடைய புரொபசர் கொடுத்தார். அந்தப் புரொபசருக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது. முதல் பாராவில் கப்பலில் காற்றுக்குப் பாய் விரிப்பார்கள். இரண்டாவது பாராவில் அதே கப்பலின் குழாயிலிருந்து கரும்புகை வரும். நடுவில் என்ன நடந்தது என்று இதுவரை எந்தப் பையனும் கேட்டதில்லை.

திருவரங்குளத்து ஆத்மநாதன் வகுப்பில் சேர்ந்த புதிதில் ஒரு தப்புச் செய்தான். கட்டுரையின் முதல் வரியாக, "நான் கடலைப் பார்த்ததில்லை" என்று எழுதிவிட்டான். புரொபசர் அவனை எழுப்பி நிறுத்தினார்.

"ஏம்ப்பா, நீ கடலைப் பாக்கலேங்கறது ஒன் சொந்த விஷயம். அதை எதுக்கு யூனிவர்சிட்டிக்குச் சொல்றே?"

"உண்மை அதுதாங்க சார்."

"உண்மைக்கு மார்க் போட எனக்கு அதிகாரம் இல்லை. ஒன்னைக் கடலைப் பாக்கவா சொன்னேன்? எழுதத்தானே சொன்னேன்? உட்காரு."

ஆத்மநாதன் உட்கார்ந்தான். அன்றிலிருந்து எழுத்தாளனாக வளரவும் ஆரம்பித்தான். ஆடி மாசம் கப்பலேறினான். ஆவணியில் கைக்குட்டையை அசைத்தான். புரட்டாசிக்குள் கடல்பன்றிகளைக் கண்டு தடங்கலில்லாமல் வியக்கும் நிலைக்கு வந்துவிட்டான். "பையன் தேறிட்டான்" என்றார் புரொபசர். "இப்பல்லாம் அவன் எழுதினா அவன் எழுதின மாதிரியே இல்லை."

அவன் தேறியாக வேண்டிய அவசியம் கறம்பக்குடியில் இருந்தது. அவன் ஆத்தா பிச்சையம்மாளின் தம்பி வெள்ளைச்சாமி அங்கே விவசாயி. அவருக்கு ஒரே மகள், சொர்ணவல்லி. வைகாசியில் கல்யாணம் என்று வாய்வார்த்தையாகப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை காலேஜ் படிப்பதில் வெள்ளைச்சாமிக்குப் பெருமைதான். ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அவருடைய தங்கை புருஷன் மூக்கன் சம்பாதிக்கிறேன் என்று பினாங்குக்குக் கப்பலேறினவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தோடு எடுத்த போட்டோவை வெட்கமில்லாமல் அனுப்பியும் வைத்தான். அந்தப் போட்டோவைப் பார்த்த அன்றைக்கே வெள்ளைச்சாமி கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "கப்பல் ஏறினவனுக்கு என் வீட்டுல பொண்ணு கிடையாது."

அதனால் ஆத்மநாதனுக்கு என்ன வந்தது? அவன்தான் கப்பலைக் கண்ணாலும் கண்டவனில்லையே!

அந்த வருஷம் காலேஜுக்கு டி. ஜே. சந்தனம் என்று ஒரு புதுப் பிரின்சிபால் வந்தார். லண்டனில் ஒரு வருஷம் இருந்தவர். திரும்பி வரும்போது ஒரு கைத்தடியும் சில கொள்கைகளும் கொண்டு வந்திருந்தார். கைத்தடியை வீட்டில் வைத்துவிட்டுக் கொள்கைகளோடு காலேஜ் ஹாலில் பேசினார்.

"மாணவர்களே! இன்று முதல் இந்தக் காலேஜில் ஒவ்வொருவனும் தன் சொந்த அனுபவத்தை மட்டுமே எழுத வேண்டும். அடுத்தவனுடைய எழுத்தைத் திருப்பி எழுதுவது செத்த எழுத்து. மிக அழகான இந்தக் கருத்தை ஒரு புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து உங்களுக்குச் சொல்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். புரொபசர் ரெங்கராஜ் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். மறுநாள் வகுப்புக்கு வந்ததும் பிரின்சிபால் அனுப்பிய சர்க்குலரை மேஜைமேல் வைத்தார்.

"கேட்டீங்க இல்லையா? இன்னையிலேருந்து கடற்பயணம் ஒங்க சொந்த அனுபவம். எழுதிக்குங்க. 'ஒருவன்'னு இருக்கிற எடத்துல எல்லாம் 'நான்'னு போட்டுக்குங்க. அடியில, 'மேற்கண்டது என் சொந்த அனுபவம் என்று உறுதி கூறுகிறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

கடைசி பெஞ்சிலிருந்து சோலையப்பன் எழுந்தான். "சார், அப்ப நாம எல்லாரும் ஒரே கப்பல்லயா போனோம்?"

"ஒரே காலேஜ்தானே? பின்னே ஆளுக்கு ஒரு கப்பலா விடுவாங்க?"

"யாரும் யாரையும் கப்பல்ல பாக்கவே இல்லையே சார்?"

"கூட்டம் ஜாஸ்தி. உட்காருடா."

பொங்கல் கழிந்து காலேஜில் கட்டுரைப் போட்டி வந்தது. தலைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஹாலில் முப்பது பேனாக்கள் ஒரே சத்தமாகக் கீறிக்கொண்டு நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பின. ஆத்மநாதனும் கிளம்பினான். கைக்குட்டை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் வந்ததும் அவனுக்கு மேலே ஓடவில்லை. அந்த அசௌகரியத்துக்குப் புரொபசர் கொடுத்திருந்த வாக்கியம் நாலு வரி நீளம். நடுவில் ஒரு லத்தீன் வார்த்தை வேறு. அத்தனையும் மறந்துபோய்விட்டது. பக்கத்தில் சோலையப்பன் அசௌகரியத்தைத் தாண்டிக் கடல்பன்றிக்கே போய்விட்டான்.

வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த ஆத்மநாதனுக்கு, மாட்டுப்பொங்கலன்று மாமா வீட்டுக்குப் போன கறம்பக்குடி பஸ் ஞாபகம் வந்தது.

அவனுக்கும் பஸ்ஸுக்கும் ஒத்துக்கொள்வதே இல்லை. அதற்குப் பயந்துதான் தீபாவளிக்குக்கூட மாமா வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு, பெட்ரோல் நாற்றம் ஒரு பக்கம், முன்ஸீட்டுக்கடியில் கருவாட்டுக் கூடை ஒரு பக்கம். யாரோ காலைக் கட்டிப் போட்டிருந்த கோழி ஒன்று அவன் கணுக்காலைக் கொத்திக்கொண்டே வந்தது. ஆலங்குடி தாண்டுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே இரண்டு தடவை தலையை நீட்டிவிட்டான். பக்கத்தில் இருந்த அம்மாள் பாதி எலுமிச்சம்பழத்தை அவன் மூக்கில் வைத்து, "மோந்துக்க தம்பி, புண்ணியமாப் போவும், எம் மேல மட்டும் எடுத்துறாதே" என்றாள். கறம்பக்குடியில் இறங்கின பிறகும் தரை நிற்கவில்லை, கடைகளெல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில்தான் மாமா வீடு. சொர்ணவல்லி பித்தளைச் செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள். செம்பின் வாயில் ஒரு நெளிவு. அது உதட்டில் குத்தியது. அவன் குடித்து முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு அவள் சிரித்தாள். அவள் சிரித்தபோதுதான் தரை நின்றது.

ஆத்மநாதன் எழுத ஆரம்பித்தான். அசௌகரியத்துக்குத்தான் புரொபசர் பெரிய வார்த்தைகள் கொடுத்திருந்தார். வாந்திக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த சின்ன வார்த்தைகளைப் போட்டான். பஸ் என்ற இடத்தில் கப்பல் என்றும், கறம்பக்குடி என்ற இடத்தில் பினாங்கு என்றும் மாற்றிக்கொண்டான். கோழியைக் கப்பலில் ஏற்றலாமா என்று மட்டும் கொஞ்சம் யோசித்தான். ஏற்றிவிட்டான்.

கட்டுரைகளைப் பிரின்சிபால் சந்தனமே படித்தார். ஒரே மாதிரி அஸ்தமனங்களைப் படித்துப் படித்துத் தூங்கிப்போயிருந்தவர், ஆத்மநாதனின் மூன்றாம் நாளில் விழித்துக்கொண்டார். அவருக்குக் குமட்டியது. லண்டன் கப்பலில் அவரும் இந்தப் பாடுதான் பட்டிருந்தார்; அதை அவர் வீட்டு அம்மாளுக்குக்கூடச் சொன்னதில்லை. உடனே புரொபசரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிஸ்டர் ரெங்கராஜ், இந்தப் பையன் நிஜமாகவே போயிருக்கிறான்!"

"எல்லாப் பையன்களும் போனவங்கதான் சார். கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"அவர்கள் போனது சரி. இவன் போனது நிஜம். வித்தியாசம் தெரியவில்லை?"

புரொபசருக்குத் தெரியவில்லை. ஆனாலும் தெரிகிறது என்றார்.

முதல் பரிசு ஆத்மநாதனுக்கு. காலேஜ் விழாவுக்குப் பிச்சையம்மாள் தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்தாள். பரிசு வாங்கின கையோடு தட்டை மாற்றிக்கொண்டு நாள் குறித்துவிடலாம் என்று வெள்ளைச்சாமி வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் தெரியாத பெற்றோர்களுக்காகப் பரிசுக் கட்டுரையின் சாரத்தைப் பிரின்சிபால் தமிழிலேயே சொன்னார்.

"உங்கள் ஆத்மநாதன் சாதாரணப் பையன் அல்ல! நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அலைகளோடு போராடி, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியவன்! அங்கே அவனுக்காக ஒரு பெண் செம்பில் தண்ணீரோடு காத்திருக்கிறாள். அவன் குடிக்கிறான். அவள் சிரிக்கிறாள். என்ன அற்புதமான சிரிப்பு!"

வெள்ளைச்சாமி எழுந்துவிட்டார். "யாருங்க அந்தப் பொம்பளை?"

"பெயர் சொல்லவில்லை. அதுதான் இலக்கியம்."

"நல்லா இருக்குங்க ஒங்க இலக்கியம்! ஏறினது மட்டுமில்லாம, எறங்குன எடத்துல தண்ணி குடுக்க ஆளும் வெச்சிருக்கான். அக்கா, தீபாவளிக்கு ஒம் மகன் ஏன் வரலேன்னு இப்பத்தானே தெரியுது!"

"தீபாவளிக்கு அவன் என் வீட்டுலதாண்டா கெடந்தான்!" என்றாள் பிச்சையம்மாள்.

"ஒம் மகனுக்கு நீ பரிஞ்சு பேசாம வேற எவ பேசுவா?"

தட்டை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். மேடையில் ஆத்மநாதன் கையில் பரிசுப் புத்தகத்தோடு நின்றான். விழா வாழ்த்துப் பாடலோடு இனிதே முடிந்தது.

பிச்சையம்மாள் விடவில்லை. கறம்பக்குடிக்குப் போய்த் தம்பியோடு சண்டை போட்டாள். கடைசியில், "நீயே வந்து காலேஜுல கேளு. போனானா போகலையான்னு அவுக வாயாலயே சொல்லட்டும்" என்று மல்லுக்கட்டி அவரைக் கிளப்பிவிட்டாள்.

வெள்ளைச்சாமி வந்த அன்றைக்குக் காலேஜிலும் அதே விஷயத்துக்காகக் கமிட்டி கூடியிருந்தது. ஹெட் கிளார்க் ஆண்டிச்சாமி ஒரு சிக்கலைக் கண்டுபிடித்திருந்தார். ஆத்மநாதன் பினாங்கு போய் வந்தது உண்மையானால், லீவு கேட்காமல் போயிருக்கிறான். ஆனால் எல்லா நாளும் அவன் வகுப்பில் இருந்ததாகப் புரொபசர் ஆஜர் போட்டிருக்கிறார். ஆஜர் உண்மையானால் கட்டுரை பொய். கட்டுரை பொய்யானால் அவன் போட்ட உறுதிமொழி பொய். அதற்குத் தண்டனை டிஸ்மிஸ்.

இதைக் கேட்டதும் ஆத்மநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு பக்கம் காலேஜ், மறுபக்கம் மாமா. போனேன் என்றால் சொர்ணவல்லி இல்லை. போகவில்லை என்றால் படிப்பு இல்லை. கொஞ்ச நேரம் மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, "நான் போகலைங்க" என்றான். "கப்பலைப் பார்த்ததே இல்லைங்க. அது கறம்பக்குடி பஸ்ஸுங்க."

பிரின்சிபால் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீர்களா, என்ன அடக்கம்! கடல் கடந்தவனுக்குத்தான் இந்த அடக்கம் வரும்."

"நீங்க சொல்லுங்க சாமி" என்று வெள்ளைச்சாமி புரொபசரிடம் திரும்பினார். "போனானா?"

புரொபசர் பிரின்சிபாலை ஒரு பார்வை பார்த்தார். "அவன் மட்டும் இல்லீங்க. வகுப்புல முப்பது பேரும் போனாங்க."

"முப்பது பேருமா! அந்தப் பொம்பளை முப்பது பேருக்குமா தண்ணி குடுத்தா?"

"இல்லீங்க, தண்ணி இவனுக்கு மட்டுந்தான்."

வெள்ளைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

யாருடைய மரியாதையும் கெடாமல் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. பையன் தீபாவளி லீவில் போனான் என்று வைத்துக்கொண்டால் ஆஜரும் உண்மை, கட்டுரையும் உண்மை. தீபாவளி லீவு நாலு நாள்தானே, பினாங்கு போய்வர அது போதாதே என்றார் ஆண்டிச்சாமி. அதனால், கழிந்துபோன தீபாவளி லீவை முன்தேதியிட்டு மூன்று வாரமாக நீட்டிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அந்த நாட்களில் நடந்த பாடங்கள் நடக்காதவை என்று கருதப்படும்; பையன்கள் அவற்றை மறந்துவிட வேண்டும். ஆத்மநாதன் பினாங்கு போய்வந்ததற்குக் காலேஜ் முத்திரை வைத்து ஒரு சர்ட்டிபிகேட்டும் தந்தார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்திலேயே கப்பலேறாமல் அந்த சர்ட்டிபிகேட் வாங்கினவன் அவன் ஒருவன்தான்.

"சந்தோஷம்தானே?" என்றார் பிரின்சிபால் வெள்ளைச்சாமியைப் பார்த்து.

அந்த வாரமே அறந்தாங்கி ரைஸ் மில் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சொர்ணவல்லியைப் பெண் பார்க்க வருவதாகத் திருவரங்குளத்துக்குச் சேதி வந்தது. சனிக்கிழமை ஆத்மநாதன் கறம்பக்குடி பஸ்ஸில் ஏறினான். மாமாவிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு போனான். ஆலங்குடியில் அடுக்கினது அத்தனையும் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது.

கறம்பக்குடியில் இறங்கி மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். நாளைய விருந்துக்கு வாழை இலைக் கட்டோடு எதிரில் வந்த வெள்ளைச்சாமி அவனைப் பார்த்தார்.

"இங்கிட்டு ஏண்டா வந்தே? பினாங்குக்குப் போற வழி அங்கிட்டு!"

ஆத்மநாதன் வாயைத் திறந்தால் பேச்சுக்குப் பதிலாக வேறு ஏதாவது வந்துவிடும் போலிருந்தது. கையை மட்டும் ஆட்டினான். அதற்குள் வீட்டிலிருந்து சொர்ணவல்லி செம்போடு வந்துவிட்டாள்.

"குடுக்காதே!" என்றார் அப்பா.

"நம்ம வாசல்ல வந்து மயங்கிக் கெடக்காக. தண்ணிதானேப்பா?" என்று அவள் கொடுத்தாள். அவன் குடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இந்தத் தடவை சிரிப்பில்லை.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அங்க ஒருத்தி தண்ணி குடுத்தாளாமே, அவ எப்படி இருந்தா?"

இதற்கு யாரும் எதையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அவன் செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "செம்போட வாயில ஒரு நெளிவு. குடிக்கறப்ப ஒதட்டுல குத்துச்சு. நான் குடிச்சு முடிக்கட்டும்னு சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னா. தரையெல்லாம் ஆடிக்கிட்டு இருந்துச்சு. அவ சிரிச்சப்பத்தான் நின்னுச்சு."

சொர்ணவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னும் என்னடா எழுதினே?" என்று கேட்டார் மாமா.

"கோழி கால்ல கொத்துனது, கருவாட்டுக் கூடை..."

"கப்பல்ல ஏதுடா கருவாட்டுக் கூடை?"

"பஸ்ஸுலதானே மாமா இருந்துச்சு!"

வெள்ளைச்சாமி மகள் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். காயப்போட்டிருந்த உளுந்தைத் தின்ற ஆட்டின்மேல் அவரே வீசி எறிந்து நெளிந்த செம்பு அது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்படிடா பினாங்குக்குப் போச்சு?"

"செம்பும் போகலே, அத்தானும் போகலே" என்றாள் சொர்ணவல்லி. "ஆலங்குடி தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை எடுக்கற மனுசன், அத்தனை நாளு கப்பல்ல போயிருந்தா, சாக்குல கட்டியில்லப்பா கொண்டாந்து போட்டிருப்பாக!"

வெள்ளைச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப அத்தனை பெரிய படிப்புப் படிச்சவுக முத்திரை குத்திச் சொன்னாகளேடா?"

"அவுகளுக்கு, எழுதிட்டா நடந்த மாதிரிதான் மாமா."

"நல்ல காலேஜ்டா!" என்றவர், இலைக் கட்டை அவன் மடியில் போட்டார். "உள்ளே கொண்டாந்து வை. அறந்தாங்கிக்கு நான் ஆளு அனுப்பணும்."

பங்குனியில் யூனிவர்சிட்டி பரீட்சை வந்தது. அந்த வருஷம் பார்த்துக் கடற்பயணம் கேட்கவில்லை. 'நான் போன ஒரு சந்தை' என்று கேட்டுவிட்டார்கள். வகுப்பு முழுவதும் சந்தைக்குக் கப்பலில் போயிற்று. வழியில் கடல்பன்றிகள் துள்ளின. ஆத்மநாதன் மட்டும் கறம்பக்குடிச் சந்தைக்கு நடந்து போனான், பஸ்ஸுக்குப் பயந்து. அவன் பாஸ் பண்ணினான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆனியில் ஒரு நாள் சோலையப்பன் திருவரங்குளத்துக்கு வந்தான். அவன் கப்பல் இன்னும் கரை சேரவில்லை. மறுபடியும் அதே வகுப்பில்தான் இருந்தான்.

"மாப்ளே, சேதி தெரியுமா? ஒன் மூணாம் நாளைப் புரொபசர் கட்டுரையில சேத்துட்டாரு! இப்ப வகுப்பு மொத்தத்துக்கும் ஒரு பொண்ணு பினாங்குல தண்ணியோட நிக்குது."

கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்த சொர்ணவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான் தங்கச்சி. ஆனா கோழியை எடுத்துட்டாரு, கப்பலுக்கு மரியாதை இல்லையாம். கருவாட்டுக் கூடையைப் பூக்கூடைன்னு ஆக்கிட்டாரு. நெளிஞ்ச செம்புல தண்ணி குடுக்கறது கௌரவம் இல்லேன்னு, வெள்ளி டம்ளர்னு மாத்திட்டாரு."

ஆத்மநாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன்னுடையது என்று அவன் எழுதினது அந்த ஒரு பாராதான். சொர்ணவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, வந்தவனுக்கு அந்த நெளிந்த செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வெள்ளி டம்ளராம்ல?" என்றாள். "நம்ம வீட்டுல வெள்ளி டம்ளர் ஏது? விடுங்க அத்தான், அது யாரோ பினாங்குக்காரி."